பன்னிரண்டரை மணி நேரத்தில் ஹைலேண்ட்ஸ்: ஒரு வழிகாட்டிப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

காலை 8 மணிக்கு எடின்பரோவில் வண்டி ஏறினோம். இரவு 8.25-க்கு அதே தெருமுனையில் இறங்கினோம். இடையில் ஏறத்தாழ 540 கிலோமீட்டர். மொத்தம் 745 நிமிடங்களில் வண்டி நின்றது 225 நிமிடம். மிச்சம் 520 நிமிடம், அதாவது 8 மணி 40 நிமிடம், ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பணம் கட்டும் எவருக்கும் கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

ஊர் திரும்பிய பிறகு உறவினர்கள் பலர் "அந்த ஒருநாள் டூர் போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்கள். ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அந்த நாளை நிமிடம் நிமிடமாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். வண்டியில் கழியும் அந்த எட்டு மணி சொச்ச நேரத்தில் வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதில்தான் இந்தப் பயணத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்று எழுதி முடித்தபோது எனக்குத் தெளிவானது. நாங்கள் போனபோது இது எங்களுக்குத் தெரியாது. எந்த நிறுவனம் அதிக இடம் காட்டுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னணி

தங்கச்சி எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க அக்டோபர் நடுவில் நான், அப்பா, அம்மா மூவரும் போயிருந்தோம். அப்பாவுக்கு 71 வயது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர், முழங்கால் வலிக்காரர். அம்மாவுக்கு மலையும் ஏரியும் பார்க்க வேண்டும், சைவச் சாப்பாடு வேண்டும். நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

இரண்டு வகை வண்டிகள் இருந்தன. ஒன்று ஐம்பது பேர் போகும் பெரிய பேருந்து, கட்டணம் குறைவு. இன்னொன்று பதினாறு பேர் உட்காரும் சிறிய வண்டி, ஓட்டுநரே வழிகாட்டி. அப்பாவின் முழங்காலை நினைத்துச் சிறிய வண்டியை எடுத்தோம். பதினாறு பேர் இறங்கி ஏறுவதற்கும் ஐம்பது பேர் இறங்கி ஏறுவதற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்தாறு நிமிடம் வித்தியாசம் வரும். ஏழு நிறுத்தத்துக்குக் கூட்டிப் பார்த்தால் அரை மணிக்கு மேல். நாங்கள் சரியாகச் செய்த முதல் காரியம் இது.

அக்டோபரும் தற்செயலாக நல்ல மாதமாக அமைந்தது. மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை ஹைலேண்ட்ஸின் மேற்குப் பகுதியில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்க்கும். நம் கொசுவைவிடச் சிறியது, கூட்டமாக வந்து கடிக்கும். அக்டோபர் நடுவில் அது போய்விடும். பெரணிச்செடிகள் துருப்பிடித்த இரும்பு நிறத்துக்கு மாறி மலைச்சரிவெல்லாம் செம்பழுப்பாகக் கிடந்தன. ஆனால் மாலை ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அதற்கும் ஒரு விலை கொடுத்தோம்.

காலை: எடின்பரோ முதல் கிளென்கோ வரை

வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. இன்வர்னஸுக்கு வடக்கே ஆல்னஸ் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். காதோரம் மைக் மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டே பேசினார். ஸ்டர்லிங் கோட்டை பாறை உச்சியில் தெரிந்தபோது 1297-இல் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயரை வென்ற பாலச் சண்டையையும், 1314-இல் ராபர்ட் புரூஸ் அரசர் அதே ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் போரையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். "இவை எல்லோரும் சொல்லும் கதைகள், எனக்கு மேலே நேரம் வேண்டும்" என்றார். அவர் எதைச் சுருக்குவார், எதை விரிப்பார் என்பது அப்போதே பிடிபட்டது.

கேலண்டர் ஊரைத் தாண்டியதும் சாலை நெருக்கமான ஒரு கணவாய்க்குள் நுழைகிறது. ஹைலேண்ட் எல்லைப் பிளவு என்று நிலவியலில் சொல்லப்படும் கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. தெற்கே மெத்தென்ற வயல்கள், வடக்கே இறுகிய பழம்பாறை. பத்து நிமிடத்துக்குள் நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அருகே கில்மஹாக்கில் 25 நிமிட நிறுத்தம். தேநீர், கழிப்பறை, வேலிக்குப் பின்னால் கண்ணை மறைக்கும் முடியோடு நின்ற ஹைலேண்ட் மாடு. அம்மா அந்த மாட்டை விட்டு வர மனமில்லாமல் நின்றார். "இதுக்குக் கண்ணு தெரியுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

வண்டி கிளம்பியதும் வழிகாட்டி அந்த மாட்டையே பிடித்துக்கொண்டார். ஆடு வருவதற்கு முன்னால் இந்த மலைகளின் செல்வம் மாடுதான். நிலம் பெரும்பாலும் சதுப்பு, விளைச்சல் சொற்பம். கோடையில் மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிப்போய் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். இலையுதிர் காலத்தில் மந்தையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக்கொண்டுபோய்க் கிரீஃப், ஃபால்கர்க் சந்தைகளில் விற்பார்கள். அந்தப் பணத்தில்தான் தானியம் வாங்குவது, குத்தகை கட்டுவது எல்லாம். எங்கள் வண்டி போன பாதையில் பல துண்டுகள் அந்த மாட்டுத்தடங்கள்தான் என்றார்.

ரானக் மூர் 11.15-க்கு வந்தது. ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டருக்கு மரமே இல்லாத கரிச்சதுப்பு. தண்ணீரும் பாறையும் பழுப்புப் புல்லும் தவிர எதுவும் இல்லை. 1894-இல் திறந்த ரயில் பாதை இதன் கிழக்குப் பக்கத்தைக் கடக்கும்போது, உறுதியான தரை கிடைக்காததால் மரவேர், சுள்ளி, மண், சாம்பல் ஆகியவற்றை மெத்தைபோலப் பரப்பி அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டார்களாம். பத்து நிமிடம் நின்றோம். காற்றில் அப்பாவின் குல்லாய் பறந்தது.

அடுத்து வழியை மறித்தாற்போல ஒரு கூம்பு மலை எழுந்தது. 1,021 மீட்டர். ஹைலேண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கில் புவக்கில் எடிவ் மோர் என்று பெயர். எடிவ் பள்ளத்தாக்கின் பெரிய இடையன் என்று பொருள். பக்கத்தில் உயரம் குறைந்த சின்ன இடையனும் உண்டு. "வரைபடத்தில் வெறும் ஒலியாகத் தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் பொருள் இருக்கிறது. அதைச் சொல்லும் ஆட்கள்தான் இப்போது அந்த இடத்தில் இல்லை" என்றார் வழிகாட்டி. அதன்பின் அவர் குரல் மாறியது. கிளென்கோ பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கிளென்கோ: 15 நிமிடம்

இந்தப் பயணத்தின் நடுத்தண்டு இந்த இடம்தான். எங்களுக்குக் கிடைத்ததோ 15 நிமிடம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1691-இல் மூன்றாம் வில்லியம் அரசர், தனக்கு எதிராக எழுந்த ஹைலேண்ட் குலத்தலைவர்கள் அனைவரும் 1692 ஜனவரி 1-க்குள் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார். கிளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் மெக்கியன் கடைசி நேரத்தில், டிசம்பர் 31 அன்று, ஃபோர்ட் வில்லியம் கோட்டைக்குப் போனார். உறுதிமொழி வாங்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கோட்டைத் தளபதி கைவிரித்துவிட்டு, இன்வரரேக்குப் போகச் சொன்னார். நடுக்குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்து, ஜனவரி 6-இல் உறுதிமொழி எடுத்தார். ஐந்து நாள் தாமதம். அரசின் ஸ்காட்லாந்துச் செயலர் ஜான் டால்ரிம்பிளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் கேப்டன் ராபர்ட் கேம்பெல் தலைமையில் சுமார் 120 படைவீரர்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். வீடு வீடாகத் தங்க வைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு நாள் அந்த வீடுகளில் சாப்பிட்டு, சீட்டாடி, அடுப்போரம் படுத்தார்கள். எழுபது வயதுக்கு உட்பட்ட அனைவரையும் வெட்ட வேண்டும் என்ற உத்தரவு அதன் பிறகு வந்தது. பிப்ரவரி 13 விடியற்காலை ஐந்து மணிக்குத் தங்கள் விருந்தோம்பிகளையே கொல்லத் தொடங்கினார்கள். மெக்கியன் படுக்கையை விட்டு எழும்போதே சுடப்பட்டார். ஏறக்குறைய 38 பேர் கொல்லப்பட்டார்கள். பனிப்புயலில் மலைக்கு ஓடிய பெண்களிலும் குழந்தைகளிலும் பலர் குளிரில் இறந்தார்கள்.

பள்ளத்தாக்கின் கிழக்கு வாயை அடைக்க வேண்டிய இன்னொரு படை, கின்லாக்லெவனிலிருந்து மலை ஏறி வரும்போது அதே பனியில் சிக்கித் தாமதமானது. வீடுகளிலிருந்து ஓடியவர்களில் பெரும்பாலோர் தப்பியது அதனால்தான். கொன்ற பனியும் காத்த பனியும் ஒன்றே. அந்தப் படை வந்த பாதை வலப்பக்கச் சரிவில் வளைந்து வளைந்து தெரிந்தது. டெவில்ஸ் ஸ்டேர்கேஸ், சாத்தானின் படிக்கட்டு, என்று பெயர். வழிகாட்டி வேகத்தைக் குறைத்துக் கையால் காட்டினார். ஒரு வருடம் புத்தகத்தில் படித்தாலும் இப்படி மண்டையில் பதியாது. எந்த வாயில் அடைபட்டது, எது திறந்திருந்தது என்பதை வண்டியின் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். பொதுவாக இதைக் கேம்பெல்–மெக்டொனால்ட் குலப்பகை என்று சொல்லிவிடுகிறார்கள். பகை இருந்தது உண்மைதான். ஆனால் வந்தது அரசின் முறையான படை, அதில் கேம்பெல் அல்லாதவர்களே அதிகம், உத்தரவில் அரசரின் கையெழுத்து இருந்தது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் நம்பிக்கைத் துரோகக் கொலை என்று தனிக்குற்றமே அப்போது இருந்தது, சாதாரணக் கொலையைவிடக் கொடியதாகக் கருதப்பட்டது. 1695-இல் விசாரணை ஆணையம் அமைந்தது, கொலை என்றே முடிவு சொன்னது. டால்ரிம்பிள் பதவி இழந்தார். தண்டனை யாருக்கும் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த எங்களுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நான் தமிழில் சொல்லி முடித்தபோது அம்மா "சாப்பிட்ட வீட்டுலயா?" என்று மட்டும் கேட்டார்.

இனி அந்த 15 நிமிடம். மூன்று சகோதரிகள் என்று அழைக்கப்படும் மூன்று பாறைத்தோள்கள் தெரியும் இடத்தில் கார் நிறுத்தம் நிரம்பி வழிந்தது. இரண்டாவது சுற்றில்தான் இடம் கிடைத்தது. அப்பா இறங்கிக் காலை நிமிர்த்தி நடப்பதற்குள் நான்கு நிமிடம் போனது. மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெடித்து உள்ளே இடிந்து விழுந்த எரிமலையின் மிச்சம் அந்தப் பாறைகள். இரண்டு சகோதரிகளுக்கு நடுவே, கீழிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மேட்டுப்பள்ளம் இருக்கிறது. மெக்டொனால்டுகள் மாடுகளை அங்கேதான் ஒளித்து வைப்பார்களாம். அப்பா அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது.

நிறுவனத்தின் அறிவிப்பில் "படுகொலை நடந்த இடம்" என்று இருந்தது. 1883-இல் கிளென்கோ ஊருக்குள் எழுப்பிய சிலுவைத்தூணைப் பார்ப்போம் என்று நினைத்திருந்தோம். வண்டி ஊருக்குள் போகவில்லை, பெருஞ்சாலையிலேயே கடந்துபோனது. ஊருக்கு அருகே ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் மையத்தில், அந்தக் காலத்து மண்புல்லும் பின்னிய கழியும் கொண்டு கட்டிய வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதையும் பார்க்கவில்லை. அறிவிப்பில் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு அது புரிந்த விதமும் நடந்த விதமும் வேறுவேறாக இருந்தன. கேட்டு வைத்துக்கொள்ளாதது எங்கள் தவறு.

நிமிடங்கள் எங்கே போயின

ஃபோர்ட் வில்லியமில் மதிய உணவுக்கு 50 நிமிடம். கிளென்கோவுக்கு 15, கடைத்தெருவுக்கு 50 என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வழிகாட்டியிடமே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அங்கே பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் 9 மணி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை நீட்டலாம். வண்டியில் உள்ள கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. அவர் ஃபோர்ட் வில்லியம் சேரும்போது 3 மணி 55 நிமிடம் ஓட்டியிருந்தார். அங்கே நிற்காமல் தாண்டினால் அடுத்த நல்ல இடத்துக்குள் கெடு முடிந்துவிடும். ஆக அந்த 50 நிமிடம் எங்கள் பசிக்காக வைத்ததல்ல, அவர் கைகால் நீட்டுவதற்கு. 540 கிலோமீட்டர் மலைச்சாலையில் எங்களை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் அவர். அதைக் கேட்ட பிறகு கோபம் நிறுவனத்தின் திட்டத்தின் மேல் திரும்பியது. ஓய்வு கட்டாயம் என்றால் அதை ஏன் கிளென்கோ மையத்தில் வைக்கக் கூடாது? அங்கேயும் உணவு கிடைக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. அதுவரை ஓட்டியது மூன்றரை மணிக்கும் குறைவு, சட்டத்துக்கும் சரிப்படும். சில நிறுவனங்கள் அப்படிச் செய்வதாக அவரே சொன்னார்.

நாங்கள் லின்னி கடற்கழிக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தங்கச்சி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த மலை, தலைக்குமேலே எங்கோ இருந்தது. மேகம் காட்டவில்லை.

மற்ற நிறுத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பியன் பிரிட்ஜ் அருகே 1952-இல் திறந்த கமாண்டோ நினைவுச் சின்னம், 10 நிமிடம். இரண்டாம் உலகப்போரில் அந்தப் பக்கத்து மலைகளில் பயிற்சி எடுத்துப் போன வீரர்கள் மூவரின் வெண்கலச் சிலை. ஃபோர்ட் அகஸ்டஸில் 85 நிமிடம், அதில் 60 நிமிடம் லாக் நெஸ் படகுச் சவாரி. மாலையில் பிட்லோக்ரியில் 30 நிமிடம்.

லாக் நெஸ் ஏரி 37 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் ஏறத்தாழ 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் எல்லாவற்றின் தண்ணீரையும் சேர்த்தாலும் இதன் கொள்ளளவு வராது. சதுப்புக்கரி கரைந்து தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கிறது, சில மீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஏரிக்குள் பூதம் இருக்கிறது என்று 1933-இல் கிளம்பிய கதையும், 1934-இல் வெளிவந்து உலகம் சுற்றிய புகைப்படமும், அது பொம்மையை வைத்து எடுத்த மோசடி என்று 1994-இல் வெளிவந்ததும் படகில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம் அது. எனக்குப் படகை விட இறங்கியபின் பார்த்த ஐந்து அடுக்குப் பூட்டுமதகுகள், படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகுகள், பிடித்தன. தாமஸ் டெல்ஃபர்ட் 1803-இல் தொடங்கி 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாயின் படிக்கட்டு அது. 97 கிலோமீட்டர் நீர்வழியில் 29 மதகுகள். ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஹைலேண்ட் மக்களுக்கு வேலை கொடுப்பதும் அந்தக் கால்வாய்க்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

பிற்பகல்: நின்று பார்க்காத போர்க்களம்

ஃபோர்ட் அகஸ்டஸ் என்ற பெயரிலிருந்துதான் அடுத்த கதை தொடங்கியது. அகஸ்டஸ் என்பது கம்பர்லேண்ட் கோமகனின் பெயர். கோட்டைக்குப் பெயர் வைத்தபோது அவர் சிறுபிள்ளை. 1746 ஏப்ரல் 16-இல் இன்வர்னஸுக்கு அருகே கலோடன் மேட்டில் ஜேக்கபைட் படையை, அதாவது அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மறுபடி ஏற்றப் போராடியவர்களை, முறியடித்தவர் அவர்தான். எதிரில் நின்ற ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் எட்வர்டுக்கும் அவருக்கும் ஒரே வயது, 25. முந்தின இரவு எதிரி முகாமைத் தாக்கப் போய்ப் பாதி வழியில் திரும்பிய ஜேக்கபைட் படை, தூக்கமும் சோறும் இல்லாமல் சமதரையில் பீரங்கிக்கு முன்னால் நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜேக்கபைட் தரப்பில் ஏறத்தாழ 1,500 பேர் செத்தார்கள். பிரிட்டிஷ் மண்ணில் நடந்த கடைசிப் பெரும்போர் அது.

கலோடன் எங்கள் பாதையில் இல்லை. அங்கே போய்வந்தால் ஓட்டுநரின் 9 மணி தாண்டிவிடும். அதனால் ஃபோர்ட் அகஸ்டஸிலிருந்து லாகன் வழியாகத் தெற்கே திரும்பும் இரண்டு மணி பத்து நிமிடத்தில் கலோடனுக்குப் பிறகு நடந்ததை மட்டும் அவர் சொன்னார். இதைத்தான் நான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி என்பேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஆண்மான்கள் இணைதேடிக் கத்தும் பருவம். ஒரு திருப்பத்தில் வண்டி மெதுவானபோது கண்ணாடியைத் தாண்டி அந்த உறுமல் கேட்டது.

போருக்குப் பின் கம்பர்லேண்ட் ஃபோர்ட் அகஸ்டஸில் முகாமிட்டுச் சுற்றியிருந்த பள்ளத்தாக்குகளை எரித்தார். ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். காலையில் மாட்டைப் பற்றி அவர் அவ்வளவு விரிவாகப் பேசியதற்கு இப்போது பொருள் விளங்கியது. மாடு போனால் அந்த மக்களிடம் ஒன்றும் மிஞ்சாது. ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. குலத்தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரம் பறிபோனது. கட்டம்போட்ட துணி உடுத்தத் தடை வந்து 1782 வரை நீடித்தது. குலத்தைக் காக்கும் தலைவன் மெல்ல மெல்லக் குத்தகை வசூலிக்கும் நிலக்கிழார் ஆனான். ஆட்களை விட ஆடு லாபம் என்று கண்டதும் குடிகளை வெளியேற்றினான். 1814-இல் வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைக்குத் தீ வைத்து வெளியேற்றினார்கள். கடற்கரைக்கும் கிளாஸ்கோவுக்கும் கனடாவுக்கும் மக்கள் போனார்கள். குடியானவனுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை 1886-இல்தான் சட்டமானது.

"காலையிலிருந்து நீங்கள் எல்லோரும் எவ்வளவு அமைதி, எவ்வளவு இயற்கை என்று படம் எடுத்தீர்கள்" என்றார் வழிகாட்டி. "இங்கே ஊர்கள் இருந்தன. பச்சையாக ஒரு துண்டு நிலம் தனியாகத் தெரிந்தால் அது பழைய உழவு. அதன் ஓரத்தில் முழங்கால் உயரக் கல்வரிசை தெரிந்தால் அது வீடு." அதற்குமேல் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். இருட்டுவதற்குள் நான் மூன்று கண்டுபிடித்தேன், அப்பா ஐந்து என்றார். பொழுது சாய்ந்துவிட்டதால் ட்ரமாக்டர் கணவாயில் ஒன்றுமே தெரியவில்லை. ஜூன் மாதமாக இருந்தால் தெரிந்திருக்கும்.

நாகப்பட்டினம்

பிட்லோக்ரியில் தேநீர்க் கடையில் வழிகாட்டியும் எங்கள் மேசையில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, தமிழ்நாடு என்றேன். அவர் "தமிழ்நாட்டில் எங்கே?" என்றார். அப்பா முந்திக்கொண்டு "நாகப்பட்டினம்" என்றார். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார், பழைய ஆங்கில வழக்கில்: "நெகபட்டாம்?"

அவர் பிறந்த ஆல்னஸுக்கு மேலே ஃபைரிஷ் என்று 453 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அதன் உச்சியில் வளைவுகள் கொண்ட கல்வாயில் ஒன்று நிற்கிறது. 1782-ஐ ஒட்டி அதைக் கட்டியவர் அந்தப் பக்கத்து நிலக்கிழார் சர் ஹெக்டர் மன்றோ. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தளபதி அவர்தான். அந்த வெற்றியின் நினைவாக, நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் கட்டியது அந்த வாயில். பஞ்சத்தில் தவித்த ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டினார் என்றும், வேலை நீள்வதற்காகக் கற்களை மறுபடி மறுபடி உருட்டிவிட்டு ஏற்றச் சொன்னார் என்றும் ஊரில் கதை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வழிகாட்டி பலமுறை ஏறியிருக்கிறாராம். அந்த ஊரிலிருந்து ஓர் ஆளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

மன்றோவின் பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு வகுப்பறை வந்துவிட்டது. 1780-இல் ஹைதர் அலியின் படை காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்தபோது, உதவிக்குப் போகாமல் காஞ்சிபுரத்தில் நின்று, பிறகு கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸுக்குப் பின்வாங்கிய அதே மன்றோ. நான் மொழிபெயர்க்க, வழிகாட்டி தன் பங்கைச் சேர்த்தார். பொள்ளிலூரில் சிக்கியவர்களில் லார்ட் மக்லியட் திரட்டிய ஹைலேண்ட் படைப்பிரிவின் வீரர்களும் இருந்தார்கள். அந்த மக்லியட் இளைஞனாக இருந்தபோது 1745 கிளர்ச்சியில் ஜேக்கபைட் பக்கம் நின்றவர். கலோடனுக்கு முந்தின நாள் பிடிபட்டு, வயதைக் கருதி மன்னிக்கப்பட்டவர். பிழைக்க ஸ்வீடன் படைக்குப் போய், பிறகு திரும்பி வந்து, பழைய குலத்து ஆட்களைத் திரட்டி அரசருக்குப் படை கொடுத்தார். ஊரில் கட்டத்துணி உடுத்தத் தடை இருந்த காலத்தில் படைக்குள் மட்டும் அதை உடுத்தலாம். அந்த உடையோடு அவர்கள் வந்து இறங்கிய கரை மதராஸ்.

காலையிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இன்னொருவர் வீட்டுக் கதை. அந்த மேசையில் அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கொள்ளைபோன பள்ளத்தாக்கின் பிள்ளைகள் எங்கள் ஊர்ப்பக்கம் படையெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் படையெடுப்பின் கூலியில் இன்னொரு பள்ளத்தாக்கில் கல்வாயில் எழுந்திருக்கிறது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. 30 நிமிட நிறுத்தம் 30 நிமிடத்தில் முடிந்தது. வண்டியில் வேறு பயணிகளும் இருந்தார்களே.

எதை மாற்றியிருப்பேன்

இதே பயணத்தை இன்னொரு குடும்பம் கேட்டால் நான் சொல்வது சிலதுதான். சிறிய வண்டி, ஓட்டுநரே வழிகாட்டி, இதில் மாற்றமில்லை. முன்பதிவுக்கு முன் கிளென்கோவில் எத்தனை நிமிடம், ஊருக்குள் வண்டி போகுமா, மதிய ஓய்வு எங்கே என்று எழுதிக் கேளுங்கள். முடிந்தால் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போங்கள், மாலை வெளிச்சம் நீளும். லாக் நெஸ் இல்லாமல் கிளென்கோவோடு திரும்பும் பயணங்கள் கிடைக்கின்றன. வயதானவர்களுக்கு அது மேல். அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு அந்தப் படகு வேண்டும். கலோடனை இதில் திணிக்கும் திட்டம் எதையும் எடுக்காதீர்கள். அது இன்வர்னஸில் ஒரு இரவு தங்கிப் பார்க்க வேண்டிய இடம்.

பெரிய பேருந்தில் போயிருந்தால் பிட்லோக்ரி மேசை நடந்திருக்காது. ஐம்பது பேரிடம் எந்த ஊர் என்று யார் கேட்பது? வேறு வழிகாட்டி வந்திருந்தாலும் நடந்திருக்காது. இதைத் திட்டமிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வழிகாட்டியோடு ஒரு தேநீர் குடிக்க இடம் இருக்கும் பயணம் எது என்று பார்த்து எடுக்க முடியும்.

மூன்று நாள் கழித்து எடின்பரோவிலிருந்து ரயிலில் இன்வர்னஸ் போனோம். கலோடன் பார்த்தோம். நீலக்கொடி ஒரு வரிசை, சிவப்புக்கொடி ஒரு வரிசை, நடுவே குலப்பெயர் செதுக்கிய கற்கள். மறுநாள் வாடகைக் காரில் ஃபைரிஷ் அடிவாரம். பைன் மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாக ஏறியது. அப்பா இருபது நிமிடம் ஏறினார், பிறகு ஒரு வெட்டுமரத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரோடு இருந்தார். நானும் தங்கச்சியும் மேலே போனோம். வாயிலின் வளைவு வழியாகக் கீழே பார்த்தால் குரோமார்ட்டி கடற்கழியும், அதில் நங்கூரமிட்ட எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரிந்தன. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. நான்கு பக்கமும் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நாகையில இப்படி ஒரு வாசலை நான் பார்த்ததே இல்லப்பா" என்றார். பிறகு மறுபடி முதல் படத்திலிருந்து தள்ளிப் பார்க்கத் தொடங்கினார்.